இரவு பதினொன்றரைக்கு வந்த காய்ச்சல்: ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் ஒருவரின் ஏழு மாதங்கள்

இந்த ஆய்வில் வருபவருக்கு அப்போது வயது 34. ஆறு வயதில் ஒரு மகள். அவருக்கு வந்தது அக்யூட் மைலாய்டு லுக்கேமியா, வார்டில் ஏ.எம்.எல். என்போம். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் முதிராமலேயே பெருகி, நல்ல அணுக்கள் உருவாக இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும் நோய். அவரும் அவர் கணவரும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே இதை வெளியிடுகிறேன். ஆள் யாரென்று தெரியவைக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் எங்கள் பக்கம் நடந்த தவறையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

நான் அந்தப் பிரிவில் செவிலியர். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும், எதுவானாலும் இவரைக் கூப்பிடுங்கள் என்று ஒரு செவிலியரின் பெயரைக் கொடுப்போம். இவருக்குக் கொடுத்தது என் பெயர். அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. எந்த மருந்து, எவ்வளவு, என்ன பலன் என்பதோடு, ஒவ்வொரு கட்டத்திலும் அவரிடம் என்ன சொன்னோம், அதில் எது அவர் மனதில் நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். எங்கள் வேலையில் உயிர் ஊசலாடும் இடங்களில் ஒன்று அது.

வந்த நாள்

மூன்று வாரமாக அசதி. ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஈறு வீங்கி, பல் தேய்க்கும்போது ரத்தம் கசிந்தது. தொடையில் எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகமே இல்லாமல் கன்றிப்போன நீலத் திட்டுகள். அந்த மாத விலக்கு ஒன்பது நாளாகியும் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவரே ஒரு காரணம் வைத்திருந்தார்: வேலை அதிகம், தூக்கம் குறைவு, பல்லில் ஏதோ கோளாறு. ஈறைப் பார்த்த பல் மருத்துவர், பல்லில் கைவைக்காமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அவர் செய்த பெரிய உதவி அது. பிளேட்லெட் குறைந்திருக்கும்போது பல்லைப் பிடுங்கியிருந்தால் ரத்தத்தை நிறுத்துவதே பெரும்பாடாகியிருக்கும்.

ஹீமோகுளோபின் 6.8. வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 46,000. இயல்பாக 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டியது. பிளேட்லெட் 18,000, குறைந்தது ஒன்றரை லட்சம் இருந்திருக்க வேண்டும். ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, இருந்த வெள்ளையணுக்களில் பெரும்பாலானவை பிளாஸ்ட் எனப்படும் முதிராத அணுக்கள். காலையில் ரத்தம் கொடுத்தவர், மாலை எங்கள் வார்டில் படுக்கையில் இருந்தார்.

இந்த வேகம் பலரை நிலைகுலைய வைக்கிறது. இவ்வளவு அவசரம் என்றால் கைமீறிப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவசரத்துக்குக் காரணம் வேறு. ஏ.எம்.எல்.லில் புரோமைலோசைட் வகை என்று ஒன்று உண்டு. சரியான மருந்து கொடுத்தால் மிக நன்றாகக் குணமாகும். விட்டுவைத்தால் ஓரிரு நாளிலேயே மூளையில் ரத்தம் கசிந்து ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் முதல் இரவிலேயே அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடுவோம். இவருக்கு அது இல்லை. அடுத்த அபாயம், புற்று அணுக்கள் கூட்டமாக உடைந்து, அவற்றிலிருந்து வெளிவரும் பொட்டாசியம் இதயத்தையும், அதனால் உண்டாகும் யூரிக் அமிலம் சிறுநீரகத்தையும் தாக்குவது. அதைத் தடுக்க அன்றிரவே டிரிப் போட்டு, அலோபூரினால் மாத்திரை தொடங்கினோம். மாத விலக்கை நிறுத்த நோரெதிஸ்டிரோன் கொடுத்தோம்.

ஏழு மணிக்கு மருத்துவர் உட்கார்ந்து பேசினார். அவசரப்படாமல் நாற்பது நிமிடம் பேசினார்; நானும் கூட இருந்தேன். நோயின் பெயர், சிகிச்சை, முடி கொட்டுவது, தொற்று, மகளிடம் என்ன சொல்வது, இனி குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா என்பது வரை எல்லாம் வந்தது. கருமுட்டையை எடுத்துச் சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரமாகும், அவ்வளவு நாள் நோய் பொறுக்காது, பிளேட்லெட் இருக்கும் நிலையில் ஊசி குத்தி முட்டை எடுக்கவும் முடியாது என்பதை மூடிமறைக்காமல் சொன்னார். ஆண்களுக்கு இது எளிது; சிகிச்சைக்கு முன் ஒரு நாளில் விந்தணுவைச் சேமித்துவிடலாம். பெண்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னால் ஒரு நாள், “அப்பவே ஏன் சொல்லலை?” என்று யாரும் கேட்கும்படி ஆகிவிடக்கூடாது.

மறுநாள் காலை, நேற்று பேசியதில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். “லுக்கேமியான்னு சொன்னது. அப்புறம், டாக்டர் பேனாவுக்கு மூடி இல்லை சிஸ்டர். அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

அந்த நாற்பது நிமிடத்தில், “38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால், எந்த நேரமானாலும் உடனே கூப்பிட வேண்டும்” என்பதையும் சொல்லியிருந்தோம். படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் உண்டு. “விளக்கப்பட்டது” என்று டிக் போட்டு நான் கையெழுத்திட்டேன்.

மஜ்ஜைப் பரிசோதனை

நோயாளிகள் எல்லாவற்றையும் விட அதிகம் பயப்படுவது இதற்குத்தான். முதுகெலும்பில் ஊசி போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஊசி போகும் இடம் இடுப்பெலும்பின் பின்பக்கம், பேன்ட் பெல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து கொடுத்து, முதலில் திரவமாக உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு பென்சில் முனை அளவுக்கு எலும்பிலிருந்து ஒரு துண்டு. எல்லாம் சேர்த்து இருபது, முப்பது நிமிடம்.

இவரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் சொன்னேன். மருந்து போடும்போது எரியும். எலும்புக்குள் போகும்போது வலியை விட அழுத்தம்தான் தெரியும். உறிஞ்சும்போது மட்டும் காலுக்குள் ஏதோ இழுப்பதுபோல் சுரீரென்று இருக்கும். அதை மரத்துப்போகச் செய்ய முடியாது, ஆனால் பத்து வரை எண்ணுவதற்குள் முடிந்துவிடும். அந்த நேரம் வந்ததும் “இப்போ” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஏழில் முடிந்தது. “ஏழுதான் ஆச்சு” என்றார், ஏதோ லாபம் கிடைத்தது மாதிரி. சரியான நேரத்தில் சொன்ன சின்னத் தகவல் ஒருவரை எப்படித் தாங்குகிறது என்பதை அங்கே பார்த்தேன். ஆனால் அந்தப் பாடத்தைக் காய்ச்சல் விஷயத்தில் நான் எடுத்துப்போகவில்லை.

நோய் எந்த வகை என்பது ஓரிரு நாளில் உறுதியானது. மரபணு முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன: குரோமோசோம்கள் இயல்பாக இருந்தன, என்.பி.எம்.1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது, எஃப்.எல்.டி.3 என்ற மரபணுவில் மாற்றம் இல்லை. என்.பி.எம்.1 மாற்றம் 2005இல் கண்டறியப்பட்டது, ஏ.எம்.எல். வரும் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. எஃப்.எல்.டி.3 மாற்றம் இல்லாமல் இது மட்டும் இருந்தால், கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகையாகக் கணக்கில் வரும். எல்லா முடிவும் ஒரே நாளில் வராது என்று முன்பே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் வராத ஒவ்வொரு நாளும், எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும்.

முதல் சுற்று

1970களிலிருந்து நடைமுறையில் இருக்கும் சிகிச்சைதான்: சைட்டராபின் ஏழு நாள் இடைவிடாமல் டிரிப்பில், டானோரூபிசின் முதல் மூன்று நாள். அதற்கு முன் இதயத்துக்கு எக்கோ. டானோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கக்கூடும் என்பதால். கையின் மேல்பகுதியில் உள்ள ரத்தநாளம் வழியாக இதயத்துக்கு அருகே வரை போகும் மெல்லிய குழாய் ஒன்றைப் போட்டோம். அப்புறம் ரத்தம் எடுக்கவும் மருந்து ஏற்றவும் கையில் திரும்பத் திரும்பக் குத்த வேண்டியதில்லை. டானோரூபிசின் நல்ல சிவப்பு நிறம், சிறுநீரும் சிவக்கும். இதைச் சொல்லாமல் விட்டு, கழிப்பறையில் நின்று அலறியவர்களைப் பார்த்திருக்கிறேன். இவருக்குச் சொல்லியிருந்தோம். “கலர் வந்துடுச்சு” என்று மட்டும் சொன்னார்.

மருந்து முடியும் ஏழாம் நாள் பலரும் தெம்பாகவே இருப்பார்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். மஜ்ஜை காலியாகி, மறுபடி முளைக்க மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை வெள்ளையணு ஏறக்குறைய பூஜ்யம். தினமும் விடியற்காலையில் ரத்தம் எடுப்போம். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் ரத்தம். பிளேட்லெட் 10,000க்குக் கீழே போனால், காய்ச்சல் இருந்தால் 20,000க்குக் கீழே போனாலே, பிளேட்லெட். சிவப்பணுப் பை குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும். வெளிர் மஞ்சளாக இருக்கும் பிளேட்லெட்டை அறை வெப்பத்தில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில்தான் வைக்க வேண்டும். பொதுவாக ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. அந்த நான்கு வாரத்தில் இவருக்கு 14 பிளேட்லெட் பை, 9 சிவப்பணுப் பை ஏற்றினோம். இத்தனை பேர் இவருக்காக எங்கோ நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறார்கள். பை மாற்றும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

வாய்ப்புண் வந்தது, ஐந்து நாள் எச்சில் விழுங்கவே வலித்தது, மார்ஃபின் கொடுத்தோம். மூன்றாம் வாரம் தலையணையில் முடி. மகளிடம் எப்படிப் பேசுவதென்று சமூகப் பணியாளர் பெற்றோர் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார்: நோயின் பெயரையே சொல்லுங்கள், ஒட்டாது என்று சொல்லுங்கள், நீ செய்த எதனாலும் இது வரவில்லை என்று சொல்லுங்கள். குழந்தைக்குச் சளி இருந்ததால் முதல் இரண்டு வாரம் வார்டுக்குள் விட முடியவில்லை. வந்த அன்று, அம்மாவின் கையிலிருந்த குழாயை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதுல தண்ணி போகுமா?” என்று கேட்டாள். போகும் என்றேன். ஒரு சிரிஞ்சில் உப்புநீர் நிரப்பி, அவள் கண் முன்னே செலுத்திக் காட்டினேன்.

ஒன்பதாம் நாள் மாலை 38.6 டிகிரி காய்ச்சல். இருபது நிமிடத்தில் ரத்தம் கல்ச்சருக்குப் போய், ஆன்டிபயாடிக்கும் ஏறத் தொடங்கியிருந்தது. கூடவே உடம்பு வலிக்குப் பாராசிட்டமால். கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை. பல நேரம் அப்படித்தான். நான்கு நாளில் காய்ச்சல் விட்டது. எங்கள் கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் கண்ணில் அது எப்படிப் பட்டது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

29ஆம் நாள் மறுபடி மஜ்ஜைப் பரிசோதனை. பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே. அணுக்கள் எல்லாம் திரும்பியிருந்தன. நோய் அடங்கியிருந்தது, அதாவது ரெமிஷன். கணவர் அழுதுவிட்டார். “அப்போ முடிஞ்சதா?” என்று அவர் கேட்க, மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: நோய் கண்டுபிடித்த அன்று உடம்பில் லட்சம் கோடி அளவில் புற்று அணுக்கள் இருந்திருக்கும். நுண்ணோக்கியில் எதுவும் தெரியாத இன்றும் நூறு கோடி மிச்சம் இருக்கலாம். இங்கே நிறுத்தினால் அநேகமாகத் திரும்பி வரும். அதற்காகத்தான் இன்னும் மூன்று சுற்று.

இரண்டாம் சுற்றும் அந்த இரவும்

இது சைட்டராபின் மட்டும், ஆனால் அதிக அளவில். ஒன்று, மூன்று, ஐந்தாம் நாள்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இந்த அளவில் அது கண்ணை உறுத்தும் என்பதால் ஸ்டீராய்டு சொட்டு மருந்து நாள் முழுக்க. சிறுமூளையையும் பாதிக்கலாம், அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு டோஸுக்கும் முன் நோயாளி அதில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் விரலால் மூக்கைத் தொட வேண்டும், நேர்க்கோட்டில் நான்கு அடி நடக்க வேண்டும். கையெழுத்து முந்தின நாளை விடக் கோணினால், மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுவோம். இவர் நோட்டில் ஆறு கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தன. ஆறாவதுக்குக் கீழே மகள் ஒரு பூ வரைந்திருந்தாள்.

ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, டிஸ்சார்ஜ். மருந்தகத்திலிருந்து மாத்திரைகள் வரத் தாமதமானது. கணவர் மகளைக் கூட்டிவரக் கிளம்ப வேண்டியிருந்தது. நான் பையைக் கொடுத்தேன், அறிவுரைத் தாளைக் கொடுத்தேன். “எல்லாம் தெரியும்தானே?” என்று கேட்டேன். “தெரியும் சிஸ்டர்” என்றார். அப்படிக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

15ஆம் நாள் இரவு 11.30க்குக் குளிர ஆரம்பித்தது. வெப்பமானியில் 38.2, ஃபாரன்ஹீட்டில் 100.8. பாராசிட்டமால் போட்டுக்கொண்டார். ஒரு மணிக்கு 37.4. நிம்மதியாகத் தூங்கினார். ஐந்தரைக்குப் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம். 7.10க்கு எங்களிடம் வந்து சேர்ந்தபோது ரத்த அழுத்தம் 82க்கு 48, நாடித்துடிப்பு 134. கேட்டதற்குப் பதில் சொன்னார், ஆனால் ஒவ்வொரு பதிலும் கொஞ்சம் தாமதித்து வந்தது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு வகையான நியூட்ரோபில்கள் எண்ணிப் பார்க்கும் அளவுக்குக்கூட இல்லை. 7.35க்கு ஆன்டிபயாடிக் ஏறியது. இரண்டு லிட்டர் டிரிப்புக்கும் அழுத்தம் ஏறாததால் ஐ.சி.யூ.வுக்கு மாற்றி, ரத்த அழுத்தத்தைத் தூக்க நார்அட்ரினலின் கொடுத்தார்கள். அன்றிரவே கல்ச்சரில் ஈ. கோலை வளர்ந்தது, அவர் குடலிலேயே இருக்கும் கிருமி, புண்ணான குடல் சுவர் வழியாக ரத்தத்தில் கலந்திருக்கிறது. மூன்று நாள் ஐ.சி.யூ. சிறுநீரகம் கொஞ்சம் தடுமாறி, டயாலிசிஸ் தேவைப்படாமல் மீண்டது. மொத்தம் பதிமூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போனார்.

பிழைத்தார். பிழைக்காமல் போயிருக்கவும் கூடும்.

ஏன் கூப்பிடவில்லை

வார்டுக்குத் திரும்பி இரண்டு நாள் கழித்து, அவருடன் உட்கார்ந்து இதைக் கேட்டேன். குற்றம் சாட்டும் தொனி வந்துவிடக்கூடாது என்று முதலில் என் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டினேன். “இதை நான் உங்களுக்கு முதல் நாள் சொன்னதாக எழுதியிருக்கு. நான் சொன்ன நேரம் சரியில்லை. அன்னிக்கு ராத்திரி என்ன நினைச்சீங்கன்னு தெரிஞ்சா அடுத்தவங்களுக்கு உதவும்.”

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். நேரமாகிவிட்டது, ஒரு சின்னக் காய்ச்சலுக்காக யாரையும் எழுப்ப வேண்டாம் என்று நினைத்தாராம். முதல் சுற்றில் வந்த காய்ச்சலில் கிருமியே இல்லை என்றுதானே சொன்னார்கள்; அதை விட இது குறைவு. அப்போது நர்ஸ் கொடுத்ததும் பாராசிட்டமால்தான்; போட்டதும் இறங்கியது. எண் இருந்த தாள் ஃபைலில், ஃபைல் மகள் தூங்கும் அறையில். விளக்கைப் போட்டால் அவள் எழுந்துகொள்வாள்.

இதில் ஒன்றுகூட முட்டாள்தனம் கிடையாது. கிடைத்த அனுபவத்தை வைத்து அவர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். அந்த அனுபவத்தைத் தவறாக அமைத்துக் கொடுத்தது நாங்கள். வார்டில் வந்த காய்ச்சல் ஏன் ஆபத்தில்லாமல் போனது? இருபது நிமிடத்தில் ஆன்டிபயாடிக் ஏறியதால். அவர் பார்த்தது மாத்திரையை மட்டும். டிரிப்பில் ஏற்கெனவே நாலைந்து பைகள் தொங்கிக்கொண்டிருந்தன, ஆறாவது பையை யார் கவனிப்பார்கள்?

அன்று அவருக்கு விளக்கியதை இங்கேயும் எழுதுகிறேன். உடம்பில் தொற்று வந்தால் சிவப்பது, வீங்குவது, சீழ் கட்டுவது எல்லாம் வெள்ளையணுக்கள் சண்டை போடுவதன் அடையாளங்கள். அவை இல்லாதபோது சண்டையும் இல்லை, அடையாளமும் இல்லை. கிருமி சத்தமில்லாமல் பெருகும். மிஞ்சி இருக்கும் ஒரே அபாய மணி காய்ச்சல். பாராசிட்டமால் அந்த மணியின் நாக்கைத்தான் பிடித்து நிறுத்துகிறது. கிருமியை ஒன்றும் செய்வதில்லை. நியூட்ரோபில் 500க்குக் கீழே உள்ள ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், மருத்துவமனைக்குள் வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏறியிருக்க வேண்டும். உலகெங்கும் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவுகள் வைத்துக்கொண்டிருக்கும் குறி அது. அந்த ஒரு மணி நேரத்தை நாங்கள் காப்பாற்றினோம்; 25 நிமிடத்தில் கொடுத்தோம். அதற்கு முந்தைய ஏழரை மணி நேரம் வீட்டில் கரைந்துபோயிருந்தது. சில நேரம் காய்ச்சலே வராமல் நடுக்கமோ, திடீர் மயக்கமோ, இனம் தெரியாத சோர்வோ மட்டும் வரும். அதற்கும் இதே அவசரம்தான்.

இதன் பிறகு எங்கள் பிரிவில் சில விஷயங்களை மாற்றினோம். காய்ச்சல் விதியை முதல் நாளோடு விடாமல், ஒவ்வொரு டிஸ்சார்ஜ் அன்றும் சொல்கிறோம். கூடவே வீட்டில் இருக்கப்போகிறவரையும் உட்காரவைத்துச் சொல்கிறோம். “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டோம். “ராத்திரி ரெண்டு மணிக்கு 38.1 காட்டுது, என்ன செய்வீங்க?” என்று கேட்கிறோம், அவர்கள் வாயால் பதில் வர வேண்டும். எங்கள் எண்ணை அவர்கள் போனில் அங்கேயே பதியவைத்து, அங்கேயே ஒரு முறை கூப்பிடச் சொல்கிறோம். மேசை மேல் உள்ள போன் மணியடிப்பதை அவர்கள் பார்க்கிறார்கள், எடுப்பவர் குரலைக் கேட்கிறார்கள். ஒரு முறை கூப்பிட்டவருக்கு மறுமுறை கூப்பிடத் தயக்கம் இருப்பதில்லை. அவசரப் பிரிவில் காட்ட ஒரு அட்டை உண்டு: கீமோ எடுப்பவர், வெள்ளையணு குறைந்திருக்கும், காத்திருக்க வைக்க வேண்டாம் என்று அதில் இருக்கும். இரவு போனை எடுப்பவர்களுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறோம். என்ன விஷயமாக இருந்தாலும், முதல் வார்த்தை “கூப்பிட்டது நல்லதாச்சு.” காய்ச்சல் 37.6 ஆக இருந்தாலும் அதேதான். ஒரே ஒரு சலிப்பான “ம்ம்” போதும், அடுத்த முறை அவர் கூப்பிட மாட்டார்.

உங்களில் யாராவது இப்போது இந்தச் சிகிச்சையில் இருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன் அந்த எண் உங்கள் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே தரப்படவில்லை என்றால் நாளைக்கே கேளுங்கள். இரவில் யார் எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். நீங்கள் உரிமையோடு கேட்க வேண்டிய விஷயம் இது.

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை வேண்டுமா

வாரம் ஒரு முறை மருத்துவர்கள், நோயியல் நிபுணர்கள், மாற்று சிகிச்சைக் குழு, மருந்தாளுநர், செவிலியர் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொருவரின் நிலையையும் பேசுவோம். இவரைப் பற்றிய கேள்வி: வேறொருவரின் மஜ்ஜையிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல் எடுத்துச் செலுத்த வேண்டுமா, கீமோவோடு நிறுத்தலாமா? முன்னெச்சரிக்கையாக அவர் அண்ணனுக்கும் தங்கைக்கும் எச்.எல்.ஏ. எனப்படும் திசுப் பொருத்தம் பார்த்திருந்தோம். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. தங்கை பொருந்தினார். ஆனால் பொருந்துகிறது என்பதற்காகச் செய்துவிட முடியாது. அந்தச் சிகிச்சைக்கே உயிராபத்து உண்டு.

என்.பி.எம்.1 இங்கே கைகொடுத்தது. அந்த மாற்றத்தின் தடயத்தை ரத்தத்தில் மிக நுட்பமாகத் தேட முடியும். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, இரண்டாம் சுற்றுக்குப் பிறகு ரத்தத்தில் தடயம் மிஞ்சியிருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு மூன்று ஆண்டுக்குள் நோய் திரும்பியது. தடயம் இல்லாதவர்களில் 30 சதவீதம் பேருக்கு. இவர் முடிவு வர ஒன்பது நாள் ஆனது. ஐ.சி.யூ.வை விட இந்த ஒன்பது நாள்தான் மோசம் என்று பின்னால் சொன்னார். தடயம் இல்லை. மாற்று சிகிச்சை வேண்டாம் என்று முடிவானது.

30 என்பதும் சிறிய எண் இல்லை. முழுதாகச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டதால் மருத்துவர் அதையும் சொன்னார். எல்லோரும் எண் கேட்பதில்லை. கேட்காதவரிடம் திணிக்கவும் கூடாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் கேட்டுக்கொள்வோம். அந்த விருப்பம் மாறினால் எங்களிடம் சொல்லலாம்.

மூன்றாம், நான்காம் சுற்றுகள் பெரிய பிரச்சினையின்றி முடிந்தன. இரண்டிலும் காய்ச்சல் வந்தது. இரண்டு முறையும் காய்ச்சல் பார்த்த பத்து நிமிடத்துக்குள் போன் வந்தது.

எங்கள் பிரிவுக்கு வருகிற எல்லோரும் இப்படிப் படுக்கையில் கிடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2001இல் இமாட்டினிப் வந்த பிறகு, நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா உள்ளவர்களில் பெரும்பாலானோர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நாட்பட்ட லிம்போசைட்டிக் வகை உள்ள பலருக்குத் தொடக்கத்தில் சிகிச்சையே தேவையில்லை, கண்காணிப்பு போதும். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் அனுப்புகிறார்களே என்று அவர்கள் தவிப்பது எனக்குப் புரிகிறது. அவர்களுக்கும் கூப்பிட ஒரு பெயரும் எண்ணும் கட்டாயம் வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு

கையிலிருந்த குழாயை எடுத்த அன்று இனிப்பு கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழுதார். தினமும் யாராவது ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது யாருமே பார்ப்பதில்லை என்றார். முடிந்தால் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், தனக்குப் பயம் மட்டுமே இருக்கிறது என்றார். இது பலருக்கும் வருவதுதான். ஆனால் இதையும் நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. எங்கள் பிரிவின் உளவியலாளரை ஆறு முறை பார்த்தார். இப்போது கடைசிச் சுற்று தொடங்கும்போதே இதைப் பற்றிப் பேசிவிடுகிறோம்.

சிகிச்சை முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மஜ்ஜையிலும் ரத்தத்திலும் என்.பி.எம்.1 தடயம் தேடுகிறோம், இதுவரை இல்லை. இரண்டு ஆண்டு வரை இப்படித் தொடரும். தடுப்பூசிகளை மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார். அசதி இன்னும் முழுதாகப் போகவில்லை. அரை நாள் வேலைக்குப் போகிறார். ஐந்தாம் மாதம் மாத விலக்கு திரும்பியது. இன்னொரு குழந்தை பற்றிக் கருத்தரிப்பு மருத்துவரிடம் ஒரு முறை பேசியிருக்கிறார், இன்னும் முடிவெடுக்கவில்லை. பரிசோதனை முடிவை அடுத்த சந்திப்பு வரை வைத்திருக்காமல், வந்த அன்றே போனில் சொல்லிவிடும்படி கேட்டிருக்கிறார். அவர் ஃபைலின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முடிவு வியாழக்கிழமை வர வேண்டும்.